அண்டர்டேல்: அடிக்கடி எழும் குறைகளும் அவற்றுக்கான பதில்களும்

அண்டர்டேல் 2015 செப்டம்பர் 15 அன்று வெளிவந்த ஆர்.பி.ஜி. விளையாட்டு, அதாவது ஒரு பாத்திரத்தை ஏற்று, கதையில் முன்னேறி ஆடும் வகை. டோபி ஃபாக்ஸ் என்ற அமெரிக்கர் கேம்மேக்கர் மென்பொருளைக் கொண்டு கதை, உரையாடல், நிரல், இசை ஆகியவற்றைப் பெரும்பாலும் தனியாளாகவே உருவாக்கினார். ஓவியங்களில் கணிசமான பங்கு டெமி சாங் என்பவருடையது. மனிதர்களுடன் நடந்த போரில் தோற்ற பூதங்கள், ஒரு மலைக்கு அடியில் மந்திரத் தடுப்பால் அடைக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பாதாளத்தில் ஒரு மனிதக் குழந்தை தவறி விழுகிறது. அந்தக் குழந்தையை நடத்திக்கொண்டு வெளியேறும் வழியைத் தேடுவதுதான் ஆட்டம்.

இந்த விளையாட்டை நான் யாருக்குச் சிபாரிசு செய்தாலும் ஏறத்தாழ ஒரே வகையான மறுப்புகள்தான் திரும்பி வருகின்றன. அவற்றில் சில நியாயமானவை. பல, வேறு வகை விளையாட்டுகளுக்கான அளவுகோலை இதன்மேல் வைத்துப் பார்ப்பதால் வருபவை. முதல் இரண்டு பதில்களில் பெரிய இரகசியம் எதுவும் இல்லை. அவற்றுக்குப் பிறகு கதையின் திருப்பங்கள் வெளிப்படையாகவே பேசப்படுகின்றன என்பதால், இன்னும் ஆடாதவர்கள் அங்கே நிறுத்திக்கொள்வது நல்லது.

ஆறேழு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறதே, இதை ஒரு முழுமையான ஆர்.பி.ஜி. என்று எப்படிச் சொல்வது?

முதல் ஆட்டம் பெரும்பாலானவர்களுக்கு ஆறேழு மணி நேரத்தில் முடிகிறது என்பது உண்மைதான். நல்ல முடிவையும் பார்த்துவிட நினைப்பவருக்கு ஏறத்தாழ பத்து மணி நேரம் ஆகலாம். நாற்பது, அறுபது மணி நேரம் ஓடும் ஆர்.பி.ஜி.களில் பழகியவர்களுக்கு இது ஒரு முன்னோட்டம் போலத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் அந்த நாற்பது மணி நேரம் எவற்றில் கழிகிறது என்று கணக்குப் பார்த்தால், லெவல் ஏற்றுவதற்காக ஒரே காட்டில் சுற்றி வருவது, கடைக்குக் கடை ஏறி வாளையும் கவசத்தையும் மாற்றுவது, யாரோ தொலைத்த பொருளை மூன்று ஊர் தாண்டித் தேடிக் கொடுப்பது என்று பெரும்பகுதி போய்விடும். அவற்றை நானும் விரும்பி ஆடியவன்தான்; அவற்றுக்கென்று ஓர் ஓய்வான சுகம் உண்டு. அண்டர்டேல் அவற்றை ஏறக்குறைய முழுவதுமாக விட்டுவிட்டது. எஞ்சியிருப்பவை சந்திப்புகள் மட்டுமே, அவற்றில் ஒன்றுகூட இட்டு நிரப்புவதற்காக வைக்கப்பட்டதாக எனக்குத் தோன்றியதில்லை.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அண்டர்டேல் நீங்கள் செய்ததை நினைவில் வைத்துக்கொள்ளும் விளையாட்டு. அந்த நினைவு பலிக்க வேண்டுமானால் நீங்களும் அதை நினைவில் வைத்திருக்க வேண்டும். ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்தில், இடிபாடுகள் என்ற முதல் பகுதியில், சுவரோரம் இரண்டு சிலந்தி வலைகள் தொங்கும் ஓர் அறை வருகிறது. அது சிலந்திகள் நடத்தும் பலகாரக் கடை. ஒரு வலையில் 7 பொற்காசு வைத்தால் சிலந்திகள் இறங்கி வந்து ஒரு டோனட்டைக் கொடுத்துவிட்டுப் போகும். வேடிக்கையான ஒரு சின்ன அறை, அவ்வளவுதான் என்று நினைத்து நடந்துவிடுவோம். சில மணி நேரம் கழித்து, ஹாட்லேண்ட் என்ற பகுதியில் மஃபெட் என்ற சிலந்திப் பெண் உங்களை வலையில் சிக்கவைத்துத் தாக்கும்போது, பைக்குள் கிடக்கும் அந்த டோனட்டை எடுத்துத் தின்றால் சண்டை அங்கேயே நின்றுவிடுகிறது. சிலந்திகளிடம் வாங்கித் தின்றவரை அவள் அடிக்க மாட்டாள். இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் நாற்பது மணி நேரம் இருந்திருந்தால் அந்த டோனட் என்றோ விற்கப்பட்டிருக்கும், அந்த அறையும் மறந்துபோயிருக்கும். இரண்டும் ஒரே மாலைப்பொழுதில் அமைவதால்தான் நமக்குச் சட்டென்று பொறி தட்டுகிறது.

குறுகிய ஆட்டம் என்பதால் திரும்ப ஆடவும் மனம் வருகிறது. இரண்டாம் முறை வேறு விதமாக நடந்துகொண்டு பார்க்கச் சொல்லும் ஒரு விளையாட்டு, அந்த இரண்டாம் முறைக்கு ஒரு மாதத்தைக் கேட்கக் கூடாது. இதற்கு இதைவிட நீளம் கூட்டியிருந்தால் விளையாட்டு கெட்டிருக்கும் என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

கொடுத்த பணத்துக்கு இது குறைவில்லையா?

வெளிவந்தபோது இதன் விலை 9.99 டாலர். மணி நேரத்தைப் பணத்தால் வகுத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு உடன்பாடானதல்ல. ஆனால் அப்படிப் பார்ப்பவர்கூட இந்த விலையில் குறைசொல்ல இடமில்லை.

வரைகலை ஏன் இவ்வளவு எளிமையாக, சில இடங்களில் அலட்சியமாகக்கூட இருக்கிறது?

டோபி ஃபாக்ஸ் 2013 ஜூனில், பொதுமக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் இந்த விளையாட்டுக்காக 5,000 டாலர் மட்டுமே கேட்டார். கிடைத்தது 51,124 டாலர். இலக்கைப் போலப் பத்து மடங்கு என்றாலும், ஒரு விளையாட்டுக்கு அது சிறிய தொகைதான். எனவே கட்டாயம் கொஞ்சம் இருந்தது. 1994இல் வந்த எர்த்பவுண்ட் என்ற ஜப்பானிய ஆர்.பி.ஜி.யின் தோற்றத்தின்மீது அவருக்கிருந்த பற்றும் சேர்ந்துகொண்டது. பாதைகளில் வரும் சில மரங்களும் சுவர்களும் வெறுமையாக இருக்கின்றன என்று யாரேனும் சொன்னால் நான் வாதாட மாட்டேன்.

ஆனால் சண்டைத் திரையை நிதானமாகப் பாருங்கள். கறுப்புப் பின்னணி, வெள்ளைக் கோட்டோவியம், கீழே ஒரு சதுரப் பெட்டி, அதற்குள் சிவப்பு இதயம். நாப்ஸ்டப்ளுக் என்ற ஆவி உங்களை எதிர்கொள்ளும் இடத்தில், அது அழுகிறது. அந்தக் கண்ணீர்த் துளிகள்தான் உங்கள்மேல் வந்து விழும் ஆயுதம். சண்டையிடாமல் நீங்கள் அதற்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில் கண்ணீர் மேல்நோக்கி ஓடி அதன் தலையில் ஒரு தொப்பியாகத் திரள்கிறது. பிடித்திருக்கிறதா என்று கூச்சத்தோடு கேட்கிறது. சில பத்துப் புள்ளிகளால் வரைந்த உருவத்தில் இந்தக் கூச்சம் தெரிகிறது என்றால், வரைந்தவர் எதை விட்டுவிடலாம் என்று நன்றாகத் தெரிந்தவர்.

இந்த எளிமையில் உங்கள் கண்ணைப் பழக்கிவிட்டு, கடைசியில் விளையாட்டு அதை உடைக்கிறது. முதல் முறை ஆடுபவர்கள் பெரும்பாலும் காணும் நடுநிலை முடிவின் இறுதிச் சண்டையில் ஃப்ளவி என்ற பூ, புகைப்படத் துண்டுகளும் தொலைக்காட்சிப் பெட்டியும் சேர்ந்த ஒரு கோர உருவமாகத் திரையை நிறைக்கும்போது, வேறு ஏதோ ஒரு நிரல் கணினிக்குள் புகுந்துவிட்டது போலத் தூக்கிவாரிப் போடுகிறது. தொடக்கத்திலிருந்தே வரைகலை பகட்டாக இருந்திருந்தால் அந்த அதிர்ச்சிக்கு வழியே இல்லை.

சண்டை என்ற பெயரில் குண்டு மழையில் இதயத்தை நகர்த்திக்கொண்டிருக்கிறோம். இதில் ஆர்.பி.ஜி. எங்கே இருக்கிறது?

எதிரி தாக்கும் முறை வரும்போது நீங்கள் அந்த இதயத்தைப் பெட்டிக்குள் நகர்த்தித் தப்பிக்க வேண்டும் என்பது சரி. குண்டு மழைக்குப் பெயர்போன தோஹோ என்ற ஜப்பானிய வரிசை விளையாட்டுகளிலிருந்து டோபி ஃபாக்ஸ் எடுத்துக்கொண்ட உத்தி அது. ஆனால் உங்கள் முறை வரும்போது தாக்கு, செயல்படு, பொருள், இரக்கம் என்ற நான்கு பொத்தான்கள் இருக்கின்றன. விளையாட்டின் உயிர் இரண்டாவதிலும் நான்காவதிலும்தான் இருக்கிறது. ஒவ்வொரு பூதத்துக்கும் ஒரு குணம், ஒரு மனக்குறை, ஓர் ஆசை உண்டு. விம்சன் பயந்தாங்கொள்ளி, முதல் முறையிலேயே விட்டுவிட்டால் போதும். இன்னொன்றைப் புகழ வேண்டும், வேறொன்றைத் தட்டிக்கொடுக்க வேண்டும், மற்றொன்றைக் கண்டுகொள்ளாமல் இருக்க வேண்டும். எதிரே நிற்பவரைப் படித்துப் புரிந்துகொண்டு அதற்கேற்ப நடப்பதைவிடப் பாத்திரமேற்று ஆடுவது வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை.

தப்பிக்கும் பகுதியும் வெறும் கைவேகச் சோதனை அன்று. தாக்குதலின் வடிவமே அந்தப் பாத்திரம் பேசும் மொழி. டோரியெலோடு நடக்கும் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். விழுந்த குழந்தையைக் கையைப் பிடித்து நடத்திச் சென்று, அறை ஒதுக்கி, பலகாரம் சுட்டு வைத்தவள் அவள். வெளியே போனால் குழந்தை செத்துவிடும் என்ற அச்சத்தில் வாசலை மறித்து நிற்கிறாள். பேசிப் பார்த்தால், பேச எதுவும் தோன்றவில்லை என்று வருகிறது. எதிரியை அடித்துப் பலவீனமாக்கி, பிறகு இரக்கம் காட்டலாம் என்பது அதுவரை மற்றப் பூதங்களிடம் பலித்த வழி. நானும் அதையே செய்தேன். அடிக்க அடிக்க அவளுடைய உயிர்க்கோடு சீராகக் குறைந்துவந்தது. இன்னும் ஓர் அடி, பிறகு விட்டுவிடலாம் என்று நினைத்து அடித்தேன். அந்த ஓர் அடி முன்னைய அடிகளைவிடப் பல மடங்கு பலமாக விழுந்து அவளைக் கொன்றுவிட்டது. கை விசையிலேயே உறைந்திருந்தது.

சேவ் செய்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கினேன். இந்த முறை தாக்கவே இல்லை. இரக்கம் என்ற பொத்தானை மட்டும் விடாமல் அழுத்தினேன். முதலில் அவள் மௌனமாகவே இருக்கிறாள், பிறகு முகம் மாறுகிறது, பிறகு கெஞ்சத் தொடங்குகிறாள். நடுவில் நான் பல தீப்பந்துகளில் அடிபட்டு உயிர்ப்புள்ளிகள் ஏறக்குறைய தீர்ந்திருந்தன. அப்போதுதான் கவனித்தேன், அவள் வீசும் தீப்பந்துகள் இதயத்தை நெருங்கியதும் விலகிப் போய்க்கொண்டிருந்தன. குழந்தையைத் தடுக்க நினைக்கிறாள், கொல்ல மனமில்லை என்பதை ஒரு வரி உரையாடலும் இல்லாமல் அந்த நெருப்பே சொல்லிவிட்டது. வாசலைத் தாண்டி வெளியே வந்தால், அங்கே ஃப்ளவி காத்திருந்து, நீ அவளைக் கொன்றாய், பிறகு வருத்தப்பட்டுத் திரும்பிப் போனாய், எனக்குத் தெரியும் என்ற பொருள்பட என்னிடம் சொன்னது. சேவ் கோப்பை மாற்றினால் செய்தது அழிந்துவிடும் என்ற அத்தனை ஆண்டுப் பழக்கமும் அந்த இடத்தில் ஆட்டம் கண்டது.

ஒருவரையும் கொல்லாமல் ஆடினால் லெவல் ஏறுவதே இல்லை. வளர்ச்சி இல்லாத ஆர்.பி.ஜி. எப்படிச் சுவைக்கும்?

கொல்லாதவர் கடைசிவரை முதல் லெவலிலேயே, 20 உயிர்ப்புள்ளிகளோடு இருப்பார். வளர்வது ஆடுபவரின் கையும் கண்ணும் பொறுமையும். லெவல் என்று நாம் வாசித்துக்கொண்டிருந்த சொல் வன்முறையின் அளவைக் குறிக்கிறது என்றும், அனுபவப்புள்ளி என்று நினைத்தது கொலைக்கான புள்ளி என்றும், அரசனின் மாளிகையை ஒட்டிய கூடத்தில் சான்ஸ் என்ற எலும்புக்கூடு அமைதியாக விளக்குகிறது. ஆர்.பி.ஜி. ஆடுகிற எவரும் யோசிக்காமல் ஏற்றுக்கொண்ட இரண்டு எண்களை, கடைசிக் கட்டத்தில் வேறு பொருளில் திருப்பிக் கொடுத்த அந்த இடத்தை இந்த வகை விளையாட்டுகளின் மிகச் சிறந்த தருணங்களில் ஒன்றாக நான் கருதுகிறேன். லெவல் ஏறும் சுகத்தை அண்டர்டேல் மறந்துவிட்டது என்று சொல்வது சரியாகாது. அதை நன்றாக அறிந்து, அதற்கு என்ன விலை என்று கேட்கிறது.

அப்படியானால் கொல்லாமல் ஆடுவது மிகவும் கடினமாகிவிடாதா?

சில சண்டைகள் கடினம்தான். ஆனால் தோற்பவரை விளையாட்டு கைவிடுவதில்லை. சான்ஸின் தம்பியான பப்பைரஸ் என்ற எலும்புக்கூட்டிடம் மூன்று முறை தோற்றுவிட்டால், சண்டையைத் தாண்டிப் போக அவனே வழிவிடுகிறான். பச்சை இதயத்தோடு கேடயம் பிடித்து அம்புகளைத் தடுக்க வேண்டிய, அண்டைன் என்ற போர்வீராங்கனையின் சண்டையில் ஓடிவிடலாம்; சொல்லப்போனால் அவளோடு நட்பாக வேண்டுமானால் ஓடித்தான் ஆக வேண்டும். ஹாட்லேண்டின் வெப்பம் தாங்காமல் கவசத்தோடு அவள் சரிந்து விழும்போது, பக்கத்திலுள்ள தண்ணீர்க் குவளையை எடுத்து அவள்மேல் ஊற்றுகிறீர்கள். வெல்வது என்பது அங்கே அவ்வளவுதான். டெமி என்ற பூதங்கள் வாழும் கிராமத்துக் கடையில் கிடைக்கும் கவசத்தின் விலை, நீங்கள் எத்தனை முறை செத்திருக்கிறீர்களோ அதற்கேற்பக் குறைந்துகொண்டே வரும். திணறுபவருக்கு மானம் போகாமல் கைகொடுக்க இதைவிட நாகரிகமான ஏற்பாட்டை நான் கண்டதில்லை.

இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கடின அளவைக் குறைத்துக்கொள்ள அமைப்புகளில் எந்த வசதியும் இல்லை. கைவிரல்களை வேகமாக இயக்க இயலாதவர்களுக்கு இது உண்மையான தடை. அதற்கு என்னிடம் சமாதானம் கிடையாது.

கொல்லும் பொத்தானை விளையாட்டே கொடுத்துவிட்டு, அழுத்தினால் குற்றம் சாட்டுகிறது. இது போதனை செய்வதாகாதா?

எனக்கு வரும் மறுப்புகளில் கனமானது இதுதான். கொஞ்சம் நிதானமாகவே பதில் சொல்ல வேண்டும்.

முதலில், பெரும்பாலான இடங்களில் விளையாட்டு எதுவுமே சொல்வதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். டோரியெலைக் கொன்றுவிட்டுப் பயணத்தைத் தொடர்பவர் அவள் கொடுத்த தொலைபேசியில் அவளை அழைத்துப் பார்த்தால், யாரும் எடுக்கவில்லை என்று மட்டும் வரும். அறிவுரையோ சோக இசையோ கிடையாது. ஆட்டத்தின் முடிவில் சான்ஸ் தொலைபேசியில் சொல்லும் செய்தி, யார் உயிரோடு இருக்கிறார்கள், யார் இல்லை என்பதைப் பொறுத்துப் பல விதமாக மாறுகிறது. நீங்கள் போன பிறகு அந்த உலகம் எப்படி இருக்கிறது என்ற தகவல்தான் அது. செயலுக்கு விளைவு வேண்டும் என்று எல்லா ஆர்.பி.ஜி.களிடமும் கேட்கிறோம், விளைவு வரும்போது அதைப் போதனை என்று சொன்னால் எப்படி?

அடுத்தது, விளையாட்டுகளில் எதிரிகளைக் கொல்வது தவறு என்று அண்டர்டேல் எங்கும் பொதுவாகச் சொல்வதில்லை. இந்தப் பாதாளத்தில், பெயரும் வேலையும் பயமும் உள்ள இவர்களை என்ன செய்யப்போகிறாய் என்று மட்டுமே கேட்கிறது. சில பூதங்களைக் கொன்று சிலவற்றை விட்டுவிடும் நடுவழியில்தான் முதல் முறை ஆடுபவர் பலரும் போகிறார்கள். அவர்களை விளையாட்டு கொடியவர்கள் என்று முத்திரை குத்துவதுமில்லை.

கடுமையாகப் பேசுவது எல்லாரையும் கொல்லும் வழியில்தான். அந்த வழி தற்செயலாக அமையாது. இடிபாடுகளில் 20, ஸ்னோடினில் 16, வாட்டர்ஃபாலில் 18, ஹாட்லேண்டிலும் அதன் மையத்திலும் 40 என்று ஒவ்வொரு பகுதியிலும் பூதங்களைத் தேடித் தேடித் தீர்த்தால்தான் அந்த வழி திறக்கும். ஓரிடத்தில் நிறுத்திக்கொண்டாலும் ஆட்டம் சாதாரண வழிக்குத் திரும்பிவிடும். அந்த வழியின் கடைசிப் பகுதியில் ஃப்ளவி தன் கதையைச் சொல்கிறது. அதற்கும் ஒரு காலத்தில் சேவ் செய்யும் சக்தி இருந்தது. முதலில் எல்லாரோடும் நட்பாக இருந்தது, எல்லாருடைய சிக்கலையும் தீர்த்துவைத்தது. காலத்தைத் திரும்பத் திரும்பத் திருப்பி அடுத்தது என்ன என்பது மனப்பாடமான பிறகு, அலுப்பு வந்தது. கொன்றால் என்ன நடக்கும் என்று பார்ப்போமே என்ற ஆவல் எழுந்தது. எனக்கு இஷ்டமில்லை, ஆனாலும் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்று அது தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

இந்தப் பேச்சைப் படித்தபோது என்னைத் திட்டுவதாக எனக்குப் படவில்லை. என்னைப் புரிந்துகொண்ட ஒருவர் பேசுவதாகவே பட்டது. எல்லா முடிவுகளையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆவல் எனக்கும் உண்டு, அந்த ஆவலில்தான் அங்கே வந்து நின்றேன். மேலே நின்று விரல் நீட்டுபவர் போதகர். அதே பழக்கத்தில் தான் முன்பே விழுந்தவன் என்று சொல்லும் பாத்திரத்தை அந்தப் பெயரால் அழைக்க முடியாது.

எல்லாரையும் கொன்று முடித்தவர் பிறகு நல்ல முடிவுக்கு ஆடினாலும் அந்த முடிவின் கடைசிக் காட்சி கறைபட்டுத்தான் வரும் என்ற ஏற்பாடு மட்டும் சற்றுக் கடுமை என்று எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை. எதையும் மறக்காத விளையாட்டு அதை மட்டும் மறந்திருந்தால், டோரியெலின் வாசலில் ஃப்ளவி சொன்னது வெறும் மிரட்டலாகிப் போயிருக்கும்.

அந்தக் கொடூர வழி ஆடவே அலுப்பாக இருக்கிறதே?

இருக்கிறது, இருக்கவும் வேண்டும். பூதங்கள் தீர்ந்த பிறகும் நடந்துகொண்டே இருந்தால், யாரும் வரவில்லை என்ற ஒரே வரி திரையில் வரும். இசை இழுபட்டுத் தாழ்ந்து ஒலிக்கும். ஸ்னோடினில் ஊரே காலியாகியிருக்கும். ஆளில்லாத கடையில், என் குடும்பத்தை ஒன்றும் செய்துவிடாதீர்கள் என்று ஒரு சீட்டு இருக்கும். மற்ற ஆர்.பி.ஜி.களில் லெவலுக்காகப் பொழுதைப் போக்கி நாம் செய்வதும் இதே வேலைதான். இங்கே அதன் மேலிருந்த வண்ணப் பூச்சு மட்டும் எடுக்கப்பட்டிருக்கிறது. முடிவில் வரும் சான்ஸின் சண்டை விதிவிலக்கு. தன் முறைக்குக் காத்திராமல் அவனே முதலில் தாக்குகிறான், உங்கள் ஒவ்வோர் அடியிலிருந்தும் விலகுகிறான்; ஆர்.பி.ஜி. சண்டை முறைகளின் மரியாதைகள் எல்லாவற்றையும் மீறும் அந்தச் சண்டைக்காகவே பலர் இந்த வழியில் வருகிறார்கள். அதையும் விளையாட்டு அறிந்தே வைத்திருக்கிறது.

உண்மையான முடிவைப் பார்க்க மறுபடி ஆட வேண்டியிருப்பது நியாயமா?

யாரையும் கொல்லாதவர் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. நடுநிலை முடிவைப் பார்த்த பின், கடைசியாகச் சேவ் செய்த இடத்திலிருந்து தொடர்ந்து, அண்டைன், ஆல்ஃபிஸ் என்ற பெண் விஞ்ஞானி ஆகியோருடனான நட்பை நிறைவு செய்தால் அடுத்த பகுதி திறக்கும். கொன்றவர்தான் புதிதாகத் தொடங்க வேண்டும். அந்த இரண்டாம் முறை வேகமாகவும் போகும்.

புதிர்கள் சிறுபிள்ளைத்தனமாக இருக்கின்றனவே?

அவற்றைப் புதிர்களாக எடுத்துக்கொண்டால் அப்படித்தான் தெரியும். பப்பைரஸ் ஓரிடத்தில் ஒவ்வொரு நிறக் கட்டத்துக்கும் ஒரு விதி என்று நீளமாக விளக்கிவிட்டு இயந்திரத்தை முடுக்குவான். வந்து விழுவது தடையே இல்லாத ஒரு நேர்ப்பாதை. நம்மைச் சோதிப்பதற்காக வைத்த இடமல்ல அது. தான் அமைத்த புதிரில் யாராவது விளையாட மாட்டார்களா என்று ஏங்கும் ஒருவனை அறிமுகப்படுத்தும் இடம். நல்ல புதிர் விளையாட்டு வேண்டுவோருக்கு வேறு நல்லவை இருக்கின்றன.

ரசிகர்களின் ஆர்ப்பாட்டத்தால் ஆடும் ஆசையே போய்விட்டது.

புரிகிறது. இப்படித்தான் ஆட வேண்டும், அவரைக் கொல்லாதே என்று முதல் முறை ஆடுபவரின் தோளுக்குப் பின்னால் நின்று கூவியவர்களால் பலருக்கு இந்த விளையாட்டு கெட்டது. தானே தவறு செய்து தானே வருந்த வேண்டிய இடங்களை அவர்கள் பறித்துக்கொண்டார்கள். அது ரசிகர்களின் குற்றம். விளையாட்டு தன் பங்குக்கு, தவறு செய்யும் உரிமையை ஆடுபவருக்கே விட்டிருக்கிறது.

நீங்களே ஒப்புக்கொள்ளும் குறை என்ன?

ஹாட்லேண்டின் நடுப்பகுதி இழுவை. ஆல்ஃபிஸ் நாலடிக்கு ஒரு தரம் தொலைபேசியில் அழைப்பதும், மெட்டட்டான் என்ற இயந்திர மனிதன் இடைவிடாமல் தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்துவதும், அதுவரை அளவாக இருந்த நகைச்சுவையைக் கொஞ்சம் நீட்டிவிடுகின்றன. அவள் ஏன் அப்படி அழைத்துக்கொண்டே இருந்தாள் என்பது பிறகு தெரியவந்தாலும், ஆடும் நேரத்தில் கால் தடுக்கத்தான் செய்கிறது. மொத்தமே ஆறேழு மணி நேரம் உள்ள ஆட்டத்தில் அரை மணி நேரத் தொய்வு பளிச்சென்று தெரிந்துவிடுகிறது. குறுகிய விளையாட்டை ஆதரித்துப் பேசும்போது இதை மறைப்பது முறையல்ல.

இசையைப் பற்றி மட்டும் யாரும் என்னிடம் குறை சொன்னதில்லை. இசைத் தொகுப்பில் 101 தடங்கள் இருக்கின்றன. தொடக்கக் காட்சியில் மெதுவாக ஒலிக்கும் மெட்டு, நல்ல முடிவின் இறுதிச் சண்டையில் முழு வேகத்தோடு திரும்பி வருகிறது. ஆட்டம் குறுகியது என்பதால் காது அதை அடையாளம் கண்டுகொள்கிறது.

முதல் முறை எப்படி ஆடுவது?

வழிகாட்டிக் குறிப்புகள் எதையும் படிக்காமல், உங்களுக்கு இயல்பாகத் தோன்றுகிறபடி ஆடுங்கள். கொல்லத் தோன்றினால் கொல்லுங்கள். சண்டையில் எதுவும் பலிக்காதபோது செயல்படு பொத்தானுக்குள் உள்ள எல்லாவற்றையும் ஒரு முறையாவது முயன்று பாருங்கள். இடிபாடுகளில் அந்தச் சிலந்திக் கடையைத் தாண்டும்போது கையில் 7 பொற்காசு இருந்தால் ஒரு டோனட் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பசித்தாலும் உடனே தின்றுவிட வேண்டாம். நடுநிலை முடிவில் திரை இருண்டு ஆட்டம் தானாகவே மூடிக்கொண்டால், கணினி பழுதாகிவிட்டதென்று பதறாமல் மறுபடி திறந்து பாருங்கள்.